கவுத்து வச்ச செருப்பு

வாடை வருதா அண்ணாச்சி? மூட்டை என்னுதுதான். கால கொஞ்சம் அந்தப் பக்கம் நகட்டி வச்சீங்கன்னா நான் சீட்டுக்கு அடியில நல்லா தள்ளிருவேன். கண்டக்டர் ரெண்டு தடவ குனிஞ்சு பாத்துட்டாரு. என்ன தம்பி, கருவாடான்னு கேட்டாரு. செருப்புன்னேன். யாவாரமான்னாரு. இல்ல, கலைன்னேன். அதுக்குப் பொறவு அவரு இந்தப் பக்கமே வரல.

ஆமா, அம்புட்டும் செருப்புதான். எங்க ஹாஸ்டல் பயலுவ செருப்பு. கேட்டு எடுத்தியான்னு கேப்பீங்க. சனிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி, பிரியாணி போட்டாங்க, எல்லாவனும் தின்னுட்டு வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குதான். தூங்குத பயல எழுப்பி உன் செருப்பக் குடுலன்னு கேக்க எனக்கு மனசு வரல. வாசல்ல கெடந்தத அப்படியே அள்ளிப் போட்டுட்டு வந்துட்டேன். வார்டன் செருப்பும் ஒரு ஜோடி உள்ள வந்துட்டு. ஆனா தோல் செருப்பு பாருங்க, முன் வரிசைக்கு ஆகும்.

போன் அடிக்குது, அவனுவதான். அடிக்கட்டும். கலைக்குன்னு வந்துட்டா நாலு பேரு வெறுங்காலோட நிக்கத்தான் செய்வான்.

நான் சங்கரன்கோயில் போறேன். நீங்க? ராஜபாளையமா. அப்ப சரி, நிறைய நேரம் இருக்கு, நான் நடந்தத சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் நியாயம் தெரியல.

எம் பேரு இசக்கிராஜ். பி.காம் கடைசி வருஷம். கடைசி வருஷத்துல நம்ம பாடத்துக்குச் சம்பந்தமில்லாத பாடம் ஒண்ணு எடுத்தே ஆவணும்னு எங்க காலேஜுல ஒரு சட்டம். நான் காளான் வளர்ப்புக்குத்தான் பேரு குடுத்தேன். பொய் சொல்லக்கூடாது. காளான் நிறைஞ்சு போச்சு. கலையும் சினிமாவும்னு ஒரு வகுப்புலதான் எடம் இருந்துச்சு. அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொறவு, ஏசி ரூம்புல. சரி, படுக்கதுக்காவது ஆகும்னு போயி உக்காந்தேன்.

பாடம் எடுக்கது பெனிட்டா மேடம். தூத்துக்குடிக்காரங்க. சின்ன வயசுதான், எங்கள விட அஞ்சாறு வயசு மூப்பா இருந்தா அதிகம். மொத நாளே லைட்ட அணைச்சிட்டு ஒரு படம் போட்டாங்க. என்ன ஊரு படம்னு தெரியாது. ஒரு கிழவன் நாற்காலியில உக்காந்து ஒரு கதவப் பாத்துக்கிட்டு இருக்கான். அவ்வளவுதான். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, கதவு தொறக்கவும் இல்ல. நான் நல்லாத் தூங்கிட்டேன். முழிச்சுப் பாக்கேன், அவன் அதே எடத்துல அந்தக் கதவத்தான் பாத்துட்டு இருக்கான்.

அப்பதான் அண்ணாச்சி எனக்குக் கண்ணு தொறந்துச்சு. நான் ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சும் படத்துல ஒண்ணும் விட்டுப்போகல. எந்தப் படத்துல இப்படி நடக்கும் சொல்லுங்க. இதுதான் கலைன்னு அன்னைக்கு முடிவு பண்ணினேன்.

அடுத்த வகுப்புல படம் வரையச் சொன்னாங்க. தாளப் பாக்கக்கூடாது, உங்க கையமட்டும் பாத்து உங்க கைய வரைங்கன்னாங்க. நான் வரைஞ்சது இஞ்சி மாதிரி வந்துச்சு. பக்கத்துல இருந்த ராபின்சன் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கான். மேடம் வந்து தாள எடுத்துப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. பாத்துட்டு, நல்லாருக்கு இசக்கி, நீ கைய உண்மையிலேயே பாத்திருக்கன்னாங்க.

சிரிக்காதீங்க, எனக்கு அழுகை வந்துட்டு. ஒண்ணாப்புல இருந்து காலேஜு வரைக்கும் எத்தனை வாத்தியாரு, எத்தனை டீச்சரு. ஒருத்தர் வாயிலயும் என்னப் பாத்து நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வந்ததில்ல. எங்க அப்பா எம் மார்க்கப் பாத்தா, பாசாயிட்டியா, சரி, கடைக்குப் போயிட்டு வான்னுவாரு. அந்த இஞ்சிய நான் இன்னும் வச்சிருக்கேன். அன்னையில இருந்து எனக்கு ஒரே வெறி, மேடம் வாயால இன்னொரு தடவ அதக் கேட்டுறணும். அதுக்குத்தான் இந்த மூட்டை, இந்தப் பயணம், எல்லாமே.

அதுக்குப் பொறவு நான் வேற ஆளாயிட்டேன் அண்ணாச்சி. ஏதாவது ஒரு பொருள பத்து நிமிஷம் போன் இல்லாம பாத்துட்டு வாங்கன்னாங்க. லீவுக்கு வீட்டுக்கு வந்து அடுப்படியில நின்னு குக்கரப் பாத்தேன். விசில் வருது, நான் பாக்கேன். அடுத்த விசில் வருது, நான் பாக்கேன். எங்க அம்மா வந்து, எய்யா என்ன வேணும்னு கேட்டா. பேசாதம்மா, குக்கர் என்கிட்ட ஏதோ சொல்லுதுன்னேன். அவ பதறிப்போயி பக்கத்துத் தெரு பூசாரியக் கூட்டிட்டு வந்துட்டா. அவரு வேப்பிலையால ரெண்டு அடி அடிச்சு நெத்தியில திருநீறு பூசிவிட்டாரு. நான் அப்பவும் குக்கர விட்டுக் கண்ண எடுக்கல. பருப்பு தீஞ்சு போனது வேற விஷயம்.

இப்ப கதைக்கு வாரேன். எங்க அக்கா கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. மேடமும் அந்த நேரம் பாத்து, ஆளுக்கு ஒரு படம் எடுத்துட்டு வாங்க, நல்லா இருக்கத மட்டும் கடைசி நாள் பெரிய ஹால்ல திரை கட்டி எல்லாருக்கும் காட்டுவோம்னு சொன்னாங்க. பெரிய திரை அண்ணாச்சி. பிரின்சிபால் வருவாரு, ராபின்சன் வருவான், எல்லாரும் பாப்பாங்க. நான் நேரா எங்க அப்பாட்டப் போயி, வீடியோவுக்கு வேற ஆளு வேண்டாம், நானே எடுத்துத் தாரேன்னேன். அப்பா யோசிச்சாரு. அக்காதான், தம்பி ஆசப்படுதாம்ப்பா, எடுக்கட்டும்னா. போட்டோவுக்கு மட்டும் ஸ்டுடியோ வச்சிருக்க செல்வின் அண்ணன் வந்தாரு.

நடுவுல எங்க பெரியப்பா சண்முகையா ஒரு பிரச்சினையக் கெளப்பிட்டாரு. அதையும் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். எங்க அப்பாவுக்கு மூத்தவரு. அப்பாவ வளத்து, கடை வச்சுக் குடுத்து, எல்லாம் அவருதான். கோமதிய சின்னதுல தோள்ல தூக்கிட்டுத்தான் தேரு பாக்கவே போவாரு. எங்க வழக்கம் என்னன்னா, மொத பத்திரிக சாமிக்கு, ரெண்டாவது அவருக்கு. தாம்பாளத்துல வெத்தில பாக்கு பழம் வச்சு, அப்பாவும் அம்மாவும் ஜோடியாப் போயி குடுக்கணும். வெள்ளிக்கிழமை நல்ல நாளுன்னு அன்னைக்குப் போறதா இருந்தாங்க.

நான் செவ்வாக்கிழமையே போன்ல ஒரு பத்திரிக செஞ்சுட்டேன். பிள்ளையாரு, குத்துவெளக்கு, வாழமரம் எதுவுமே கிடையாது. முழுக்கக் கறுப்பு. நட்டநடுவுல ஒரே ஒரு வெள்ளப் புள்ளி. அந்தப் புள்ளிதான் மணமக்கள். கீழ பொடி எழுத்துல தேதி. செஞ்சு முடிச்சதும் எனக்கே ஒடம்பு புல்லரிச்சுட்டு. அப்பா, பொறுடா, வெள்ளிக்கிழமை தாண்டட்டும்னாரு. கலைக்கு வெள்ளிக்கிழமையெல்லாம் தெரியுமா அண்ணாச்சி? சொந்தக்காரங்க குரூப்புல போட்டுவிட்டேன். செண்பகம் அத்தை ஒடனே போன் போட்டு, எய்யா, யாருய்யா போனதுன்னு அழுதா. ஒருத்தர்கூட டிசைன் நல்லாருக்குன்னு சொல்லல.

அதே வாரத்துலதான் பெரியப்பாவுக்கு என்னமோ கோவம் வந்துட்டு. வெள்ளிக்கிழமை அப்பாவும் அம்மாவும் தாம்பாளத்தோட போனா கதவத் தொறக்கல. உள்ள இருந்துக்கிட்டே, தம்பி மக கல்யாணத்த நான் போன்ல பாத்துத் தெரிஞ்சுக்கிடணுமாக்கும், ஊரு பூரா பாத்த பத்திரிக எனக்கு எதுக்கு, அந்த மண்டபத்து வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சத்தம் போட்டாராம். எங்க அப்பா தாம்பாளத்த அப்படியே திருப்பிக் கொண்டாந்தாரு. வெத்தில வாடிப்போச்சு. அன்னைக்கு ராத்திரி அப்பா சாப்பிடல. அக்கா தெனமும், பெரியப்பா வருவாகளாப்பான்னு கேப்பா, அவரு எந்திரிச்சுக் கடைக்குப் போயிருவாரு. நான் குடும்பச் சண்டையிலெல்லாம் தலையிடுததில்ல அண்ணாச்சி. எனக்கு நூறு வேல.

கல்யாணத்தன்னைக்கு நான் எப்படி எடுத்தேங்கீங்க? மேடம் வகுப்புல ஒண்ணு சொல்லியிருந்தாங்க. முக்கியமானது ப்ரேமுக்கு வெளியவும் இருக்கலாம்னு. அத நான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். முக்கியமானது எதுவும் ப்ரேமுக்குள்ள வந்துறாமப் பாத்துக்கிட்டேன். செண்பகம் அத்தை புதுப் பட்டுச்சேல கட்டிட்டு நாலு தடவ காமெரா முன்னால நடந்தா, நான் தரையில விழுந்த நெழல மட்டும் எடுத்தேன். நாதஸ்வரக்காரரு வாசிக்கும்போது அவரு காது. சமையக்காரர் சாம்பார் கிண்டும்போது கரண்டிக் காம்பு. மாப்பிள்ளைய எடுத்தேன், முதுகுப் பக்கமா.

தாலி கட்டுதப்ப என்ன எடுக்கதுன்னுதான் ராத்திரி பூரா யோசிச்சேன். தாலிய எல்லாரும் எடுப்பான். நான் வாசல்ல போயி நின்னேன். அங்கன அம்புட்டுச் செருப்பு கெடக்கு. உள்ள மேளம், வெளிய செருப்பு. ஆளு இல்ல, ஆளோட கால் தடம் மட்டும் இருக்கு. ஆஹான்னு வந்துட்டு எனக்கு. ஸ்டாண்டப் போட்டு காமெராவ நிறுத்தி, செருப்புவள ஒண்ணொண்ணா நகட்டி அழகு பாத்தேன். நட்டநடுவுல எங்க அப்பா செருப்பு. வாரு அறுந்து தச்சது, மகளுக்குக் கல்யாணம்னுகூட புதுசு வாங்கல. அதுல ஒண்ண நேரா வச்சு ஒண்ணக் கவுத்து வச்சேன். செருப்பு கவுந்து கெடந்தா சண்டை வரும்னு நம்ம பக்கம் சொல்லுவாங்கள்ல, கவுந்து கெடந்தா யாருக்கும் பொறுக்காது. அதனாலேயே வச்சேன். பாக்கவனுக்கு மனசு உறுத்தணும்.

ஆனா நான் அங்கன நிக்க முடியல. தாலி கட்டுன கையோட பொண்ணுக்குத் தம்பி பொரி போடணும்ல, தம்பின்னு நான் ஒருத்தன்தான் இருக்கேன். காமெராவ ஓடவிட்டுட்டு உள்ள ஓடிட்டேன். வாட்ச்மேன்கிட்ட ஒரு ஈ காக்கா குறுக்க வரக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனேன். அந்தாளு பந்திக்குப் போயிட்டான்.

எடுத்தத நான் பாக்கவே இல்ல. முதல்ல பாக்கது மனசு நிறைஞ்சு பாக்கணும், அவசரத்துல பாக்கக்கூடாதுன்னு ஒரு எண்ணம். மறுவீடெல்லாம் முடிஞ்சு அக்காவும் அத்தானும் வந்தப்ப, சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரையும் வரச்சொல்லி டிவியில போட்டேன். அம்மா முறுக்கு சுட்டு வச்சிருந்தா.

போட்டதும் தொடங்கிட்டாங்க. ஏல, எம் பட்டுச்சேல எங்கலன்னு செண்பகம் அத்தை. கரண்டிய எதுக்குடா இத்தனை நேரம் காட்டுத, கல்யாணம் கரண்டிக்கா உங்க அக்காவுக்கான்னு மாமா. அத்தான் மட்டும் மெதுவா, மாப்ள, எம் மூஞ்சி எதுலயாவது வருமான்னு கேட்டாரு. முதுகு நல்லா வந்திருக்கு அத்தான்னேன். எங்க அப்பா முறுக்க கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவரு அப்படி உக்காந்தா அடி விழப் போகுதுன்னு அர்த்தம்.

அப்ப செருப்பு ஷாட் வந்துச்சு. தாலி எங்கடான்னு அம்மா கேட்டா. ப்ரேமுக்கு வெளிய இருக்கும்மான்னேன். அவளுக்கு விளங்கல. எல்லாரும் செருப்பப் பாக்காங்க. உள்ள மந்திரம் கேக்குது. ஒரு நாய் வந்து மோந்து பாத்துட்டு ஒரு செருப்பக் கவ்விட்டுப் போகுது. அது பரவாயில்ல, நாய் நல்லா நடிச்சிருந்துச்சு.

நாய் போனதும் ப்ரேமுக்குள்ள ரெண்டு கால் வருது. வெள்ள வேட்டி. பாத்தா எங்க பெரியப்பா.

எப்படி இருக்கும் எனக்கு? ஆளே இல்லாத ஷாட்டுன்னு நான் எடுத்து வச்சிருக்கேன், முழுசா ஒரு ஆளு வந்து நிக்காரு. வந்தவரு உள்ளயும் போகல. வாசப்படிக்கு இந்தப் பக்கமா, செருப்புக் குவியலுக்கு நடுவுல நின்னு எட்டி எட்டிப் பாக்காரு. காலுல கெடந்த செருப்பக் கழட்டி ஓரமா வைக்காரு. கெட்டிமேளம்னு உள்ள சத்தம் கேட்டுச்சு. சட்டப் பையில இருந்து ஒரு பொட்டலத்த எடுத்தாரு. மஞ்ச அரிசி. வீட்டுல இருந்தே கொண்டாந்திருக்காரு. வாசலுக்கு வெளியவே நின்னுக்கிட்டு உள்ள பாத்துத் தூவுதாரு. அது எங்க உள்ள போகும்? அம்புட்டும் என் செருப்பு மேலதான் விழுந்துச்சு. தூவிட்டு துண்டால மூஞ்சியத் தொடச்சாரு, ரெண்டு தடவ.

அதோட போயிருந்தாக்கூடப் பரவாயில்ல. போகையில கீழ பாத்தாரு. எங்க அப்பா செருப்பு கவுந்து கெடக்கு. அது அப்பா செருப்புன்னு அவருக்குத் தெரியும், தச்சுக் குடுத்ததே அவருக்குத் தெரிஞ்ச ஆளுதான். குனிஞ்சு, காலால இல்ல அண்ணாச்சி, கையால, அத எடுத்து நிமித்தி, ஜோடியா சேத்து வச்சாரு. வச்சுட்டுப் போயிட்டாரு. நான் அரை மணி நேரம் உக்காந்து கவுத்து வச்சது. ஒரு நொடியில நிமித்திப்புட்டாரு.

நான் தலையில கைய வச்சிட்டேன். போச்சு, ஷாட் போச்சுன்னு கத்துதேன். திரும்பிப் பாத்தா எங்க அம்மா முந்தானைய வாயில வச்சு அழுதுட்டு இருக்கா. அக்கா ஏங்கி ஏங்கி அழுதா. செண்பகம் அத்தை சேலையவே மறந்துட்டா. எங்க அப்பா முறுக்கக் கீழ வச்சாரு. எந்திரிச்சாரு. சட்டகூடப் போடல, பனியனோட போயி அடுப்படியில இருந்து தாம்பாளத்த எடுத்தாரு. வெத்தில இல்ல, பழம் இல்ல, வெறும் தாம்பாளம். அத அக்குள்ல இடுக்கிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் போயிட்டாரு. பாக்கி படத்த ஒருத்தரும் பாக்கல அண்ணாச்சி. அதுக்குப் பொறவுதான் என் நல்ல ஷாட்டே இருக்கு, எச்சி எலைய வச்சு ஒண்ணு எடுத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்துல அப்பா பின்னால பெரியப்பாவ உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்தாரு. அண்ணனும் தம்பியும் வாசல்ல நின்னுக்கிட்டு ஒருத்தர் கையப் புடிச்சு ஒருத்தர் அழுதாங்க. பொறவு பெரியப்பாவுக்குன்னு திருப்பியும் போடச்சொன்னாங்க. அந்த வீடியோத் துண்டு மட்டும். பெரியப்பா முறுக்கக் கடிச்சுக்கிட்டே பாத்தாரு. பாத்துட்டு, கொஞ்சம் கறுத்துட்டேனோன்னு கேட்டாரு. அவரு நடிகராயிட்டாரு அண்ணாச்சி. குரூப்புல அந்தத் துண்டதான் இன்னைக்கு வரைக்கும் ஓடவிட்டுக்கிட்டு இருக்காங்க. நூறு பேரு கும்பிடு போட்டிருக்கான். ப்ரேம் எப்படி இருக்குன்னு ஒருத்தன் எழுதல.

சரி, வீடு எப்படியோ போகட்டும், வகுப்பு இருக்குல்லன்னு நெனச்சேன். பெரியப்பா வார எடத்த வெட்டிட்டேன். சுத்தமா வெட்டிட்டேன். ஆளு வந்துட்டா அது கல்யாண வீடியோ அண்ணாச்சி, கலை ஆகாது. செருப்பு, மேளச் சத்தம், நாய், திரும்பவும் செருப்பு. கொண்டுபோயி மேடத்துக்கிட்டப் போட்டுக் காட்டினேன்.

மேடம் பாத்தாங்க. திருப்பிப் போடுன்னாங்க. நல்லாருக்குன்னு சொல்லப் போறாங்கன்னு நான் காதத் தீட்டிட்டு நிக்கேன். அவங்க கேக்காங்க, இசக்கி, இந்தச் செருப்பு முதல்ல கவுந்து கெடந்துச்சே, அது எப்படி நிமிந்துச்சு? இந்த அரிசி எங்க இருந்து வந்துச்சு? நான் சமாளிச்சேன். அது பாக்கவங்களுக்கு ஒரு கேள்வியா விட்டிருக்கேன் மேடம்னேன். அவங்க சிரிக்கல. யாரோ வந்திருக்காங்க, வந்தவங்கள நீ தொரத்தி விட்டுட்ட. திங்கக்கிழமை கடைசி நாள், முழுசாக் கொண்டா, அப்பத்தான் திரையில போட முடியும்னாங்க.

முழுசாக் கொண்டான்னா என்ன அர்த்தம்? வெட்டு தெரியக்கூடாதுன்னு அர்த்தம். அதான் மறுபடி எடுக்கப் போறேன். அதே மண்டபம், அதே வாசல், வாட்ச்மேன்கிட்டப் பேசிட்டேன். செருப்பு இல்லாமப் போயிட்டா என்ன செய்யன்னுதான் இந்த மூட்டை. அப்பா செருப்ப மட்டும் வீட்டுல போயி எடுத்துக்கிடணும். இந்தத் தடவ ஒரு பய குறுக்க வர முடியாது.

இருக்கதையே குடுக்க வேண்டியதுதானேங்கீங்களா? ராபின்சனும் இதத்தான் சொன்னான். உங்களுக்கும் விளங்கல. இருங்க, போன்லயே இருக்கு, காட்டுதேன், நீங்களே பாருங்க இந்த மனுஷன் எப்படிக் கெடுத்திருக்காருன்னு. வெயிலு அடிக்குது, கையால மறச்சுக்கிடுங்க. இதான் நாய். இந்தா வாராரு பாருங்க. இதான் அரிசி. இந்தா, இந்தா, குனியுதாரு பாத்தீங்களா. எல்லாம் போச்சு.

என்ன அண்ணாச்சி, திரும்பப் போடச் சொல்லுதீங்க? சரி, போடுதேன்.

கண்ணுல தூசி விழுந்துட்டா? அந்தக் கண்ணாடிய இறக்கி விடுங்க, சாலை வேல நடக்குது.

என்ன கேட்டீங்க? செருப்பக் கவுத்து வச்சது யாருன்னா? நான்தான். அதான் சொன்னேனே. போன்ல மொதல்ல பத்திரிக போட்டது யாரா? அதுவும் நான்தான். ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கீங்க? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? நல்லா சிரிக்கீங்க, விஷயத்தச் சொல்லாம சிரிச்சா நான் என்னன்னு நெனைக்க.

ஊரு வந்துட்டு. இங்கன பஸ் கொஞ்ச நேரம் நிக்கும், டீ கீ சாப்பிடுததுன்னா சாப்பிடுங்க. ஐயையோ, அங்கன பாருங்க. அந்தப் பழக்கடைக்குப் பக்கத்துல. வெள்ள வேட்டி, பட்டுச் சட்ட, மூஞ்சியில பவுடர். அவரேதான். இந்த பஸ்ஸுல வாரேன்னு யாரு சொன்னா இவருட்ட? அப்பாதான் சொல்லியிருப்பாரு. சட்டப் பை புடைச்சிருக்கு பாருங்க, மஞ்ச அரிசிப் பொட்டலத்தோட வந்திருக்காரு. நேத்து போன்ல, ஏல, எந்தச் சட்ட போடணும்னு கேட்டாரு, எதுவும் வேண்டாம், நீங்க வரவே வேண்டாம்னு சொன்னேன். இப்ப நான் இவர எப்படி அனுப்ப?

நான் எறங்குதேன். எறங்கி ஜன்னல் பக்கம் வாரேன், நீங்க அந்த மூட்டைய மட்டும் தூக்கிக் குடுத்துருங்க அண்ணாச்சி. கூட்டத்துல தூக்கிட்டு எறங்க முடியாது.

ஆங், குடுங்க. மெதுவா. முடிச்ச புடிக்காதீங்க, அடியப் புடிங்க. அடிய, அடிய.

போச்சு. அம்புட்டும் கொட்டிருச்சு. இல்ல, உங்க தப்பு இல்ல, முடிச்சு சரியில்ல. யாரும் மிதிக்காதீங்கய்யா. அம்மா, பாத்து வாங்க. வார்டன் செருப்பு வேற சக்கரத்துக்கு அடியில போயிட்டு.

பெரியப்பா, வாங்க. ஒண்ணுமில்ல, எல்லாம் ஹாஸ்டல் பயலுவ செருப்பு. நீங்க தள்ளி நில்லுங்க, நான் அள்ளிக்கிடுதேன். இருங்க, ஏன் குனியுதீங்க. பட்டுச் சட்ட அழுக்காகும். அப்படியே அள்ளி மூட்டையில போட்டாப் போதும் பெரியப்பா, ஒண்ணொண்ணா நிமித்தவெல்லாம் வேண்டாம். யாரு செருப்புன்னுகூட உங்களுக்குத் தெரியாது. அந்தப் பயலுவ யாரையும் நீங்க பாத்ததுகூடக் கிடையாது.

அண்ணாச்சி, பாக்கீங்களா? கேக்கவே மாட்டேங்காரு. ஜோடி தேடித் தேடி வைக்காரு. ரோட்டுலயே உக்காந்துட்டாரு.

அண்ணாச்சி, அந்த சீட்டு மேல என் பை இருக்கு, அத எடுத்துக் குடுங்க. காமெரா அதுலதான் இருக்கு. கண்டக்டர்ட்ட ரெண்டு நிமிஷம் வண்டிய எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க, வண்டி நெழல்லதான் வெளிச்சம் சரியா இருக்கு. ஏங்க, பழக்கடைக்காரரே, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. நீங்க ப்ரேமுல வாரீங்க, அவரு மட்டும் இருந்தாப் போதும்.

பெரியப்பா, இந்தப் பக்கம் பாக்காதீங்க. நீங்க பாட்டுக்கு அடுக்குங்க.